பேஸ் மாடல் வாங்கியதில் என்ன குறைந்துவிட்டது?

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகளின் புது ஜிம்னிக்கு, அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் சுசுகியின் சிறிய வண்டிக்கு, கோயிலில் பூஜை போட்ட படத்தின் கீழே எழுதப்பட்டதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். எழுதியவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவர், எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கைகொடுத்தவர். அந்த மரியாதை எனக்கு இன்றும் இருக்கிறது, அதனால் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால், “இவ்வளவு படித்து, இவ்வளவு சம்பாதித்து, கடைசியில் பேஸ் மாடல்தானா? இன்னும் கொஞ்சம் போட்டு டாப் மாடலே எடுத்திருக்கலாமே” என்று அவர் எழுதியதற்கும், அதன் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களுக்கும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் திருப்பி எழுதவில்லை. “படத்தை எடுத்துவிடட்டுமா, பெரியப்பா?” என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காக வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பாகத்தை. பேஸ் மாடலுக்கும் டாப் மாடலுக்கும் அடியில் இருப்பது ஒன்றே என்றால், பேஸ் மாடல் எடுத்தவர் எதையும் இழக்கவில்லை. அடியில் இருப்பது வேறு என்றால், அப்போது யோசிக்கலாம், கடன் வாங்கியும் மேலே போகலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சக்கரத்தின் பளபளப்பைப் பார்த்து ஒருவரின் தகுதியை அளப்பது எந்த வகை நியாயம்?

ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். இப்போதைய வடிவம் 2018 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது ஜி.ஏ. என்ற பேஸ் மாடலின் விலை 264,900 ரேண்ட். கையால் கியர் மாற்றும், டாப் மாடலான ஜி.எல்.எக்ஸ். 299,900 ரேண்ட். இடையில் இருந்த 35,000 ரேண்டுக்கு எல்.இ.டி. முகப்பு விளக்கு, தொடுதிரை, அலாய் ரிம் போன்றவை கிடைத்தன. அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் இரண்டிலும் ஏணி வடிவ இரும்புச் சட்டமான அதே ஏணிச் சேஸி, இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைத்து, முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங்கோடு கூடிய அதே முழு ஆக்சில், 75 கிலோவாட் சக்தியும் 130 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தரும் அதே 1.5 லிட்டர் எஞ்சின், தரையிலிருந்து அதே 210 மில்லிமீட்டர் உயரம், மேட்டை முகத்தில் இடிக்காமல் ஏற உதவும் அதே 37 பாகை முன்கோணம். இரும்பு ரிம்மோ அலாய் ரிம்மோ, அதில் ஏறுவது அதே 15 அங்குல டயர். எல்லாவற்றுக்கும் மேலாக, கியர் தடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய தடியும், அதை இழுத்தால் விழும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சும் இரண்டிலும் உண்டு. ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சுழன்றால் அதை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மற்றச் சக்கரத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் இரண்டிலும் உண்டு.

லோ ரேஞ்ச் என்ன செய்கிறது என்பதை ஒரு முறையாவது மலைப்பாதையில் உணர்ந்தவர்கள் இப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். மழையில் ஊறிய செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி அழுத்தினால் சக்கரம் பிடிப்பை இழந்து வண்டி தன் போக்கில் வழுக்கும். லோ ரேஞ்சில் முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் கீழே இறக்கிவிடும். என் தம்பி மகள் புல்வருக்கும் அண்டர்பெர்க்குக்கும் இடையே மலைக் கிராமங்களின் மருத்துவ நிலையங்களுக்குப் போய்வரும் தாதி. ஆர் 617 நெடுஞ்சாலையை விட்டு விலகிய பிறகு அவள் பாதை முழுவதும் மண்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த மண் சேறாகிவிடும். அவளுக்குத் தேவையானது அந்தச் சிறிய தடி. அது அவள் வண்டியில் இருக்கிறது.

இதை அவள் தானே படித்து, தானே அடியில் குனிந்து பார்த்து முடிவு செய்தாள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஷோரூமில் நானும் உடன் இருந்தேன். விற்பனையாளர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது. எந்தப் பாதையில் ஓட்டப் போகிறாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. 72 மாதத் தவணையில் போட்டால் வித்தியாசம் தெரியவே தெரியாது, முடிவில் ஒரு பெரிய தொகையைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார். ஆறு ஆண்டு வட்டி கட்டி, அதற்குப் பிறகும் ஒரு மொத்தத் தொகைக்குக் கடன்பட்டு நிற்பதை வித்தியாசம் தெரியாது என்று ஒரு இளம்பெண்ணிடம் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. அவள் பணிவாக மறுத்தாள்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். “எல்லா வண்டியிலும் அடிப்பாகம் ஒன்றாகவா இருக்கிறது?” என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை, அதனால்தான் பார்த்து வாங்கு என்கிறேன். நம் டர்பனின் புரோஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் உயர்த்திய உடலோடு வரும் டூ வீல் டிரைவும், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோரும் பக்கத்தில் நின்றால் பாதிப் பேருக்கு வேறுபாடு தெரியாது. முதலாவதில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் டிஃப் லாக் உண்டு, நல்ல வண்டி, பண்ணைப் பாதைக்குப் போதும். ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது. லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாயில் நம் எல்லைச் சாவடியைத் தாண்டி அதை மேலே விட மாட்டார்கள், ஏனெனில் அங்கே ஃபோர் பை ஃபோருக்கு மட்டுமே அனுமதி. அப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் பணம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 300இல் பாருங்கள்: சொகுசு மிகுந்த இசட்.எக்ஸ். 20 அங்குல ரிம்மில் வருகிறது. முன்னும் பின்னும் டிஃப் லாக் வேண்டுமென்றால் 18 அங்குல ரிம்மில் வரும் ஜி.ஆர். ஸ்போர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சொகுசில் மேலே இருப்பதெல்லாம் பாதையில் மேலே ஏறிவிடாது.

பெரிய ரிம் என்றதும் வடக்கே மணல் நிறைந்த கடற்கரையான கோசி பே நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பமாகப் போயிருந்தோம். எங்களோடு வந்த உறவினர் ஒருவர் புதிதாக எடுத்திருந்த பெரிய வண்டி, அந்த வரிசையிலேயே உச்சமான மாடல். முகத்துவாரத்துக்குப் போகும் மணல்பாதையில் இறங்குமுன் டயர் காற்றை ஏறத்தாழ 1 பார் (bar) அழுத்தத்துக்கு இறக்குங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். காற்று இறங்கினால் டயரின் தரையில் படும் பகுதி நீண்டு, அது மணலின் மேல் படுத்துக்கொண்டு ஓடும். நிறைந்திருந்தால் மணலைத் தோண்டும், இதில் மந்திரம் எதுவுமில்லை. அவர் வண்டியின் டயருக்குப் பக்கச்சுவரே மிகக் குறைவு; காற்றை இறக்கினால் ரிம் அடிபடும் என்று பயந்தார், அந்தப் பயத்திலும் பாதி உண்மை இருந்தது. சற்று தூரத்திலேயே வண்டி வயிறுவரை புதைந்தது. வெயிலில் குழந்தைகள் அழ, நாங்கள் கையால் மணலை அள்ளிக்கொண்டிருந்தபோது அந்த ஊர்க்காரர் ஒருவர் இரும்பு ரிம் போட்ட பழைய பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், வந்து கயிறு கட்டி வெளியே இழுத்தார். திரும்பும் வழியில் முட்செடிகள் பெயின்ட்டைக் கீறிவிடுமே என்று உறவினர் பட்ட வேதனையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கவே இல்லை. கீறலுக்குப் பயந்து வீட்டில் நிற்கும் வண்டியில் எத்தனை டிஃப் லாக் இருந்து என்ன பயன்?

“பாதுகாப்பு முக்கியமில்லையா?” என்பது அடுத்த கேள்வி, இதை நான் மதிக்கிறேன். ஏர்பேக்கின் எண்ணிக்கை குறைந்தாலோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கோ வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யோ இல்லாவிட்டாலோ பேஸ் மாடலைத் தொடாதீர்கள். அங்கே மிச்சம் பிடிப்பது குற்றம். எல்.இ.டி. விளக்கைப் பற்றியும் ஒப்புக்கொள்கிறேன். மிட்லண்ட்ஸ் பக்கம் இருட்டில் மாடுகள் சாலையில் படுத்திருக்கும், பேஸ் மாடலின் ஹாலஜன் வெளிச்சம் அந்த அளவு தூரம் எட்டாது. அதற்காகத்தான் அவளுக்குக் கூடுதல் விளக்கு ஒரு ஜோடி நானே வாங்கித் தருகிறேன். தொடுதிரை இல்லாமல் எப்படி என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. கையில் தொலைபேசி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வேண்டாமா என்றால், டர்பன் நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு வேண்டும், அவளுக்கு வேண்டாம்.

“விற்கும்போது விலை போகாது” என்பதுதான் என்னை மிகவும் காயப்படுத்திய வாதம். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத வண்டியை, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கற்பூரம் காட்டிய ஈரம் காயுமுன், விற்பதைப் பற்றி அவளிடம் பேசுவதா? அவள் அதில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்க்கப் போகப் போகிறாள்.

எங்கள் தாத்தா உம்கெனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி பயிரிட்டவர். இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் அந்த நிலத்திலிருந்து எங்களைக் கிளப்பி, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டது. அப்பா குத்தகை நிலத்தில் கீரையும் பயற்றங்காயும் போட்டு, விடியுமுன் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போனார். அவர் வாங்கிய பக்கிகள் எல்லாம் பிறர் ஓட்டித் தள்ளியவை. ஒவ்வொரு முறையும் ஒரு கோணிச்சாக்கைத் தரையில் விரித்து, அதன் மேல் படுத்து, வண்டியின் அடியில் ஊர்ந்துபோய் சேஸியில் துரு இருக்கிறதா, வில்பட்டை வெடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நிறத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. வாங்க முடியாததால் அப்படி இருந்தார் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். வாங்க முடிந்த அவருடைய பேத்தி அதே அறிவோடு தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதைக் குறைவு என்று சொல்வது அவரையும் சேர்த்துச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. கோயில் வாசலில் நிற்கும் வண்டியின் பின்கதவில் ஒட்டிய எழுத்தைப் படித்துவிட்டு உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு வணக்கம் வைக்கலாம் என்று முடிவு செய்யும் பழக்கம் நம்மிடையே எப்போது வந்தது? எந்தத் திருமணத்துக்குப் போனாலும் இதே பேச்சு. எந்த மாடல், எந்த வருடம், எத்தனை அங்குல ரிம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள், பிறகு கடனில் மூழ்குகிறார்கள்.

மிச்சமான பணத்தில் அவள் வாங்குவது சேற்றையும் கல்லையும் தாங்கும் ஆல் டெரெய்ன் டயர் ஐந்து, ஸ்டெப்னியையும் சேர்த்து. காற்று அடிக்கும் கம்ப்ரசர் ஒன்று, அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று, இழுக்கும் பட்டை, அதை வண்டியில் மாட்டும் ஷாக்கிள், மண்வெட்டி. ஃபோர் பை ஃபோர் ஓட்டும் பயிற்சிக்கும் பணம் கட்டியிருக்கிறாள். இவற்றில் எதுவும் டாப் மாடலோடு இலவசமாக வருவதில்லை.

உள்பெட்டியில் எந்த மாடல் எடுக்கலாம் என்று கேட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: ஷோரூமில் இரண்டு மாடலுக்கும் உரிய முழு விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள், கவர்ச்சிப் படம் போட்ட பிரசுரம் போதாது. டிரைவ், டிஃப், டயர் அளவு, பிரேக், ஏர்பேக் ஆகிய வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். எந்தப் பாதையில், எந்த மாதத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்.