வெற்றிலைப் பாவத்துக்காகவா மங்கம்மாள் ரோடு போட்டார்?

நேற்று பண்ணைக்காடு பிரிவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது டீக்கடையில் ஒரு பெரியவர் மறுபடியும் அதே கதையை எடுத்தார். மதுரையை ஆண்ட நாயக்க ராணி மங்கம்மாள் ஞாபகமறதியாக இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதாம், அந்தப் பாவம் தீரத்தான் சாலையும் சத்திரமும் கட்டியதாம். எங்கள் அம்மாச்சியும் இதைத்தான் சொல்லும். அப்போது தலையாட்டிக் கேட்டேன், இப்போது எரிச்சல் வருகிறது.

எனக்கு அந்தப் பெயர் தெரிந்ததே பஸ்ஸில்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டியில் 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும், குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். 1997-ல் எல்லாக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது இதுவும் போய்விட்டது. (எங்கள் மலை ரோடு அவர் போட்டதில்லை, அது வெள்ளைக்காரன் காலத்தது, சண்டைக்கு வராதீர்கள்.)

சரி, அந்த அம்மா என்ன நிலையில் ஆட்சிக்கு வந்தார் என்று பாருங்கள். 1682-ல் கணவர் சொக்கநாத நாயக்கர் போய்விட்டார். 1689-ல் மகன் அம்மையில் போனார். நிறைமாதமாக இருந்த மருமகள், பிள்ளையைப் பெற்றுவிட்டு அவளும் போய்விட்டாள். கையில் மிச்சம் ஒரு பச்சைக் குழந்தை. அதற்குப் பட்டம் கட்டிவிட்டு, பேரன் பெயரில் பதினைந்து வருஷத்துக்கு மேல் நாட்டைப் பார்த்துக்கொண்டது பாட்டிதான்.

எனக்குப் பிடித்தது, எங்கே மோதக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஔரங்கசீப்பின் படை தெற்கே வந்தபோது வீராப்புக் காட்டாமல் கப்பம் கட்டினார், அப்புறம் அதே முகலாயத் தளபதியின் துணையோடு தஞ்சாவூர் பிடித்து வைத்திருந்த இடங்களை மீட்டார். கப்பம் தராமல் இழுத்தடித்த திருவிதாங்கூருக்கு மட்டும் 1697-ல் படை போனது. காவிரியை மைசூர்க்காரர் தடுத்தபோது, நேற்றுவரை பகையாளியாக இருந்த தஞ்சாவூரோடு கைகோத்து அணையை உடைக்கக் கிளம்பினார், அதற்குள் வெள்ளமே அதை அடித்துக்கொண்டு போய்விட்டது! எல்லாமே ஜெயம் என்று சொல்லவில்லை. 1702-ல் ராமநாதபுரத்தோடு மோதியது தப்புக்கணக்கு, கிழவன் சேதுபதியிடம் தோற்று, தன் படைத்தலைவரான தளவாய் நரசப்பையாவையும் பறிகொடுத்தார்.

ரோடு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்கு மண் சரிந்தால் பேரிக்காய் மூட்டையோடு ரெண்டு நாள் முடங்கிக் கிடக்கும் எங்களுக்குத் தெரியும் ரோடு என்றால் என்னவென்று. நிழலுக்கு மரம், தண்ணீருக்குக் கிணறு, ராத்தங்கச் சத்திரம் என்று யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. ஒரு வெற்றிலைக்கா இவ்வளவும்? கடைசியில் அவரைச் சிறையில் போட்டு, சாப்பாட்டைக் கண்ணில் காட்டியே பட்டினி போட்டார்கள் என்று இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் நம் ஆட்களுக்குக் குரலில் ஒரு ருசி வந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

பெரியவரிடம் கேட்டேவிட்டேன், "ஐயா, திருமலை நாயக்கர் அம்மாம்பெரிய மஹால் கட்டினாரே, அது எந்தக் கையால வெத்தலை போட்ட பாவம்?" சிரித்துவிட்டார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். பஸ் மட்டும் வந்தபாடில்லை.