டியூபுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கு?

ஏழே நாள்ல முகம் வெளுக்கும்னு ஒரு கிரீம் வீடியோ, முந்தாநாள் அதுக்குக் கீழே கமெண்ட்ல நடந்ததைப் பார்த்திருப்பீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: டியூபுக்குப் பின்னாடி என்ன மருந்துன்னு எழுதியிருக்கு? வந்த பதில், "உன் கலரைக் கண்ணாடில பாத்தியா?" நம்ம சேலத்துக்காரங்க, தெரிஞ்ச முகங்க, அதுக்குப் போய் சிரிப்பு பொம்மை போட்டிருக்காங்க.

திரும்பவும் கேட்கிறேன். என்ன மருந்து? தோலோட அடியில உண்டாகிற செல் மேல வந்து உதிரவே சுமார் நாலு வாரம் ஆகும். ஏழே நாள்ல முகம் வெளுக்குதுன்னா ஸ்டீராய்டு, அதாவது தோல் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்குற மருந்து, இருக்கான்னு சந்தேகப்படணும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு பொடி எழுத்துல இருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், முகம் வெளுப்பாத் தெரியும். போடப் போட தோல் மெலிஞ்சுடும்.

என் தங்கச்சிக்கு நிச்சயம் முடிஞ்சதும் அம்மாப்பேட்டைப் பெரியம்மா இப்படி ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தாங்க, பாசத்துலதான். மெடிக்கல்ல சீட்டு கேட்கவே இல்ல. முதல்ல பளபளன்னு இருந்துச்சு. நிறுத்தினதும் எரிச்சல், சீழ்ப்பரு, கன்னத்துல நூல் நூலா ரத்தக்குழாய், மோவாயில முடி. கல்யாண ஆல்பத்தை அவ இன்னைக்கும் பிரிக்க மாட்டா. இந்த வகைக் களிம்பை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு 2018-லேயே மத்திய அரசு சொல்லியாச்சு. யார் கேட்கிறாங்க?

"ஸ்டீராய்டுன்னா விஷமா?" நான் அப்படிச் சொல்லவே இல்ல. கரப்பான்னு சொல்ற தோல் அரிப்பு நோய்க்கு டாக்டர் நாள் கணக்கு சொல்லிக் கொடுத்தா அருமையான மருந்து. அழகுக்குத் தினமும் பூசத்தான் கூடாதுங்கிறேன். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" நிறுத்தும்போதுதாங்க தெரியும். "எங்களுது நாட்டு கிரீம்." அப்ப லேபிள் எங்கே? சிவப்பழகு கிரீம்ல இருந்த பாதரசத்தால சிறுநீரகம் பாதிச்சதுன்னு மலப்புரத்துல இருந்து 2023-ல செய்தி வந்துச்சே, மறந்துட்டீங்களா? "நீ டாக்டரா?" இல்ல. அவளோட அக்கா. எனக்கு அது போதும்.

என் கலரைக் கேட்டீங்கல்ல, அதுக்கும் சொல்றேன். நிறமி செய்யுற செல்லு கருப்பா இருக்கிறவங்களுக்கும் சிவப்பா இருக்கிறவங்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அது செய்யுற நிறமியோட அளவும் அது பரவுற விதமும்தான் வேற. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கிறது அந்த நிறமிதான். ஏற்காட்டுல குளிருதேன்னு வெறும் முகத்தோட நாள் பூரா சுத்துறோம். 1000 மீட்டர் ஏறினா அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். பனிமூட்டமும் அதை முழுசா மறைக்காது. குடையோ, சன்ஸ்கிரீனோ, முகம் காயாம ஒரு மாய்ஸ்சரைசரோ போதும். இதைச் சொன்னா யாரும் லைக் போட மாட்டாங்க.

ஏன்னா நமக்குத் தோல் நல்லா இருக்கணும்னு இல்ல, வெள்ளையா இருக்கணும். பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டு "கலர் கொஞ்சம் கம்மி"ன்னு சொன்னது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. என்னைப் பத்திச் சொன்னாங்க. அப்ப எங்கம்மா தலை குனிஞ்சாங்க, அதை இன்னும் என்னால தாங்க முடியல. தங்கச்சிக்கும் அப்படி ஆகிடக் கூடாதுன்னுதான் அந்த டியூபே வீட்டுக்குள்ள வந்துச்சு. இப்ப நீங்களும் அதையே எழுதுறீங்க. எழுதுங்க, நான் எதையும் அழிக்கப் போறதில்ல.

ஏற்கெனவே போட்டுட்டு இருக்கிற பொண்ணுங்களுக்கு மட்டும்: பயந்துபோய் திடீர்னு நிறுத்தாதீங்க கண்ணுங்களா. தோல் டாக்டர்கிட்ட போங்க. காசு இல்லைன்னா நம்ம மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியிலயே தோல் பிரிவு இருக்கு. அந்த டியூபையும் கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நான் கூட வரேன்.