எத்தனை மெகாவாட் என்று கேட்பதை விடுவோம்

நீர்மின்சாரம் என்றாலே எந்த நாட்டில் எத்தனை மெகாவாட் என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். சீனாவின் த்ரீ கோர்ஜஸ் அணை 22,500, பிரேசிலும் பராகுவேயும் பகிரும் இதைப்பு அணை 14,000. டர்பைன் எவ்வளவு சுற்ற முடியும் என்பதுதான் அந்தக் கணக்கு. மழை பொய்த்த வருடத்தில் அது எவ்வளவு சுற்றியது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவைப் பாருங்கள். நாட்டின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் நீரிலிருந்துதான். ஜாம்பேசி ஆற்றில் ஜிம்பாப்வேயுடன் பகிர்ந்துகொள்ளும் கரிபா, கொள்ளளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரி. ஆனால் மின் உற்பத்திக்குப் பயன்படுவது 488.5 மீட்டரிலிருந்து 475.5 மீட்டர் வரையிலான நீர்மட்டம் மட்டும்தான். அதற்குக் கீழே கடல் போலத் தண்ணீர் கிடந்தாலும் டர்பைனுக்கு எடுக்க முடியாது. 2024இல் எல் நினோ வறட்சி வந்தது, அந்த 13 மீட்டரும் ஏறக்குறைய தீர்ந்துபோனது. பல ஊர்களில் நாளுக்குச் சில மணி நேரம்தான் கரண்ட். வெல்டிங் பட்டறையும் சலூனும் மாவு மில்லும் வைத்திருந்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். இந்த அணைக்காக 1950களில் சுமார் 57,000 டோங்கா மக்களை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏழை நாடு, அதனால் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2022 ஆகஸ்டில் சீனாவின் சிச்சுவான் மாகாணமே ஆறு வற்றித் தொழிற்சாலைகளை மூடியது. அதே ஆண்டு இறுதியில் 16,000 மெகாவாட் பைஹெதான் அணை முழுமையாக இயங்கத் தொடங்கியும், 2023இல் சீனாவின் மொத்த நீர்மின் உற்பத்தி குறைந்தது.

பிரேசில் பட்டுத் தெரிந்துகொண்டது. 2001இல் கிட்டத்தட்ட 90 சதவீதம் நீரை நம்பியிருந்தபோது வறட்சி வந்தது, மக்கள் 20 சதவீத மின்சாரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அப்புறம் காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகி, இன்று நீரின் பங்கு வெகுவாக இறங்கிவிட்டது. அணைகளை யாரும் இடிக்கவில்லை. காற்றும் வெயிலும் உள்ள நேரத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்து, இல்லாத நேரத்தில் திறக்கிறார்கள். அணைக்குச் சரியான வேலை அதுதான் என்பேன்.

நார்வே மட்டும் கிட்டத்தட்ட 90 சதவீதம் நீரை வைத்துக்கொண்டு சமாளிக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே மலைப்பனி உருகி நிரப்பும் ஏராளமான ஏரிகள் இருக்கின்றன, பக்கத்து நாடுகளுடன் கேபிள் இணைப்பும் இருக்கிறது. ஜாம்பியாவுக்கு அந்த அளவு வசதி ஏது? 2025இல் சிசாம்பாவில் 100 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்திருக்கிறார்கள். கரிபாவுக்கு முன்னால் சின்னதுதான். ஆனால் அடுத்த பெரிய அணைக்குக் கடன் கேட்டு அலைவதைவிட, இப்படி இன்னும் இருபது கட்டுவது அந்த மக்களுக்கு நல்லது.