தொடையில் விழும் முத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கறி சாப்பிடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை குக்கரில் ஆட்டுக்கறி விசில் அடிக்கவில்லை என்றால் எங்கள் வீட்டில் அது ஞாயிறே இல்லை. அதனால் சைவத்துக்கு மாறச் சொல்லி யாரும் கமெண்டில் வர வேண்டாம். "எப்படியும் சாகப்போற ஆடுதானே" என்று கேட்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், கிடா என் பொறுப்பு. வழக்கமாகக் கறி வாங்கும் பாயிடம் மூன்று கிடா வேண்டும் என்றேன். "தொட்டியிலயே அறுத்துக் குடுத்துடறேன் தம்பி, விடியக்காலை நாலு மணிக்கு வந்துடுங்க" என்றார். நாற்பத்தைந்து வருடமாகக் கறி தின்கிறேன், ஆட்டுத்தொட்டி என்கிற இறைச்சிக்கூடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு டியூப் லைட், வழுவழுவென்று தேய்ந்துபோன சிமெண்ட் தரை. வாசலில் ரசீது போடுகிறார்கள். உள்ளே நான்கைந்து பேர் அறுக்கிறார்கள், அவர்களுக்கு நாலடி தள்ளி அடுத்து அறுபடப்போகும் ஆடுகள் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. மறைப்பு என்று ஒரு சாக்குப்படுதா கூடக் கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது, அதில் தண்ணீர் இல்லை, யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு செம்மறி நடக்க மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றது. காதையும் ஒரு பின்னங்காலையும் பிடித்து இழுத்துப் போனார்கள். ஈரத் தரையில் குளம்பு கிறீச் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டே போன சத்தம் இருக்கிறதே, காதுகுத்து மேளத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது.

எங்கள் பாய் மட்டும் எங்களுடைய ஆடுகளைப் பின்னால் விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கத்தி தீட்டினார். ஏன் என்று கேட்டேன். "ஆடு பார்க்கக் கத்தி தீட்டக் கூடாது தம்பி. ஒரு ஆடு பார்க்க இன்னொண்ணை அறுக்கவும் கூடாது. அத்தா சொல்லிக் குடுத்தது." பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க எங்க கொண்டுபோய் மறைக்கிறது?"

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2001 ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் என்று ஒன்று இருக்கிறது. பாயின் அத்தா சொன்னது அப்படியே அதில் இருக்கிறது, மற்ற விலங்குகளின் கண்ணெதிரே எதையும் வெட்டக் கூடாது என்று. சினையாக இருப்பதையும், மூன்று மாதத்துக்குள் குட்டி இருக்கும் தாயையும், மூன்று மாதம் நிறையாத குட்டியையும் வெட்டக் கூடாது. வெட்டும் முன் ஓய்வெடுக்க இடம் தர வேண்டும். கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் உயிரோடு இருக்கும்போதே பார்த்துச் சான்று தர வேண்டும். அவசரமாகப் பார்த்துத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கும் போட்டிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது.

அன்று எங்கள் ரசீது 131 ஆவது. ரசீதுக்கு ஒரு ஆடு என்று வைத்தாலும், ஒரே மருத்துவர் 131 ஆட்டைப் பார்ப்பது விதிப்படியே முடியாது. பார்த்தாலும் பதினோரு மணி நேரம் ஆகும். ஆனால் அந்தக் கவலையே அங்கே யாருக்கும் இல்லை. தோலை உரித்துத் தொங்கவிட்டதும் ஒரு பையன் மைப்பெட்டியோடு வந்தான். டாக்டர் பார்த்தாயிற்று என்பதற்கான முத்திரையை ஒவ்வொரு தொடையிலும் டப் டப்பென்று குத்திக்கொண்டே போனான். "டாக்டர் எங்கப்பா?" என்றேன். "டாக்டர் பத்து மணிக்கு மேல வருவாரு சார்." பத்து மணிக்கு எங்கள் கிடா குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

கறிக்கடையில் தொங்கும் தொடையில் நீல முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருடம் அதை நம்பித்தான் வாங்கினேன்.

சரி, விலங்கை வதைத்தால் தண்டனை என்ன? மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. முதல் முறை பிடிபட்டால் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். தட்டச்சுப் பிழை இல்லை. ஐம்பது ரூபாய்க்கு இன்று பாய் கடையில் எலும்பு கூடப் போட மாட்டார்கள். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் நம் ஊர்க்காரர்தான், கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல். 1952 இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒன்று கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1962 இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது, பிறகு ஹரியானாவுக்குப் போய்விட்டது. 2022 இல் அபராதத்தை உயர்த்த ஒரு திருத்த வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஆனால் பழைய பத்து ரூபாய் அப்படியே இருக்கிறது.

கோழியின் கதை இதைவிட மோசம். டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போவதை எல்லோரும்தான் பார்க்கிறோம். கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போட்டு மூடியதும் உள்ளே தடதடவென்று அடித்துக்கொள்ளும், நாம் அப்போது ஜிபே ஸ்கேன் செய்துகொண்டிருப்போம். கோழி சட்டப்படி விலங்குதானா என்ற கேள்வியே 2023 இல் குஜராத் உயர் நீதிமன்றம் வரை போனது. விலங்குதான் என்று அரசுத் தரப்பு சொன்னது. விலங்கு என்றால் இறைச்சிக்கூடத்தில்தானே வெட்ட வேண்டும்? தெருவுக்குத் தெரு இருக்கும் பிராய்லர் கடைகளை என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இதைப் பேச ஆரம்பித்தாலே ஒரு கூட்டம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடும், அது தெரிந்துதான் எழுதுகிறேன். 2017 மே மாதம் இதே மிருகவதைச் சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான், சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரே வாரத்தில் தடை விதித்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. வதையைத் தடுக்கிறேன் என்று வியாபாரியின் வயிற்றில் அடிப்பதோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று அந்தக் கொட்டகையில் ஆட்டைப் பற்றி யோசித்த ஒரே ஆள் கத்தி வைத்திருந்த பாய்தான். அங்கே அறுக்கிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி, கையுறை கிடையாது, நேரம் கிடையாது. ஒரு ஆட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். ரசீது போட்டுக் காசு வாங்குகிற நிர்வாகம் ஒரு சுவர் எழுப்பவில்லை, தண்ணீர்த் தொட்டியை நிரப்பவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன்.

இங்கிலாந்தில் 2018 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இறைச்சிக்கூடத்தில் விலங்கு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் கேமரா, பதிவுகளை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அரசு மருத்துவர் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். இங்கே தெருமுனை டீக்கடையிலேயே நான்கு கேமரா இருக்கிறது. ஆட்டுத்தொட்டிக்கு இரண்டு மாட்டினால் நகராட்சி கடனாளி ஆகிவிடாது. கூடவே, அறுக்கிற நேரத்தில் டாக்டர் அங்கே இருக்க வேண்டும். கடைகளெல்லாம் கறி விற்று முடித்த பிறகு அவர் வந்து கையெழுத்துப் போடுவதில் யாருக்கு என்ன லாபம்?

போன வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். மருத்துவரின் பணி நேரம் என்ன, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை விலங்குகளை வெட்டும் முன் சோதித்தார், அதில் எத்தனையைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்றே கேள்வி. மனுவில் ஒட்டிய கட்டண வில்லை பத்து ரூபாய், அந்த அபராதம் தொடங்கும் அதே பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும், இன்றைக்கு ஒன்பதாவது நாள்.

இந்த ஞாயிறு கறி வாங்கப் போனபோது பாயிடம் சொன்னேன். கறியை வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். கடையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அதுல என் பேரு எதுவும் எழுதலையே தம்பி?"