யூரோராக் மாடியூல்களும் 230 வோல்ட் மின்சாரமும்

அமெரிக்காவில் வாங்கிய யூரோராக் மாடியூல்கள் (ஒரே பெட்டியில் பொருத்தி இணைக்கும் சின்தசைசர் இசைக்கருவிப் பகுதிகள்) இலங்கையின் 230 வோல்ட் மின்சாரத்தில் எரிந்துவிடும், விற்றுவிடுவதே நல்லது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புடன் ஒரு திருத்தம்: சுவர் மின்சாரம் மாடியூலைத் தொடுவதே இல்லை. பெட்டியின் மின்வழங்கி அதை +12, −12 வோல்ட் நேரோட்டமாக மாற்றிய பிறகே மாடியூலுக்கு அனுப்புகிறது. சிலவற்றுக்கு மட்டும் +5 வோல்ட்டும் வேண்டும். கொழும்பிலும் நியூயோர்க்கிலும் இதே அளவுதான்.

நீங்களே பார்க்கலாம். மின்வழங்கியிலோ அடாப்டரிலோ உள்ளீடு 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். செருகி பொருந்தினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகவே வேண்டாம். அப்போதும் மாற்ற வேண்டியது அந்த மின்வழங்கியைத்தான். ஆசையாகச் சேர்த்த ஆசிலேட்டர், ஃபில்டர் போன்ற மாடியூல்களைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.