கேள்வி பிறக்கும் முன்பே கூகுள் ஃபார்ம்

தோழியின் மகள் போன வாரம் போன் செய்தாள். "ஆன்ட்டி, அறிவியல் கட்டுரைக்கு எந்த ஆய்வு முறையைப் போடட்டும்?" தலைப்பு என்னம்மா என்றேன். "கைபேசியும் தூக்கமும்." சரி, அதில் உனக்கு என்ன தெரியணும்? பதில் இல்லை. ஆனால் இருபது கேள்விகளோடு கூகுள் ஃபார்ம் மட்டும் தயாராக இருந்தது!

இவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, முக்கால்வாசி மாணவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எது சுலபமோ அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதற்கேற்ற கேள்வியைத் தேடுவது. ஃபார்மில் 'தினமும் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள்' என்று ஒரு கேள்வி. படுத்த நேரம் நமக்குத் தெரியும், கண் அசந்த நேரம் யாருக்குத் தெரியும்? எட்டு மணிநேரம் என்று ஒருவர் எழுதினால், தான் அவ்வளவு தூங்குவதாக அவர் நம்புகிறார் என்று மட்டும்தான் அர்த்தம். சரி, அதிகம் போன் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குவதாகவே பதில்கள் வரட்டும். போனால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவர் போனைக் கையில் எடுத்தாரா? அந்த இருபது கேள்வியில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை.

எது காரணம் என்று தெரிய வேண்டுமானால் சோதனை செய்து பார்ப்பதுதான் நேர் வழி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி உடல் தளர்ந்துபோகும் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ஜோடிதான் சட்டென்று தேறியது. எனக்கு இதில் பிடித்தது பழம் இல்லை. 12 பேரையும் ஒரே இடத்தில் படுக்க வைத்து, மற்ற சாப்பாட்டையும் ஒரே மாதிரி கொடுத்தாரே, அதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட முடியாது. காலரா தண்ணீரில் பரவுகிறதா என்று பார்க்க யாருக்காவது அழுக்குத் தண்ணீரைக் கொடுக்க முடியுமா? 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வேறு வழி பிடித்தார். ஒரே பகுதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் குழாய் போயிருந்தது. எந்தக் குழாய் வீட்டில் எத்தனை சாவு என்று விசாரித்து எண்ணினார். கழிவு கலந்த ஆற்றுப் பகுதியிலிருந்து தண்ணீர் எடுத்த நிறுவனத்தின் வீடுகளில்தான் சாவு மிக அதிகம். சோதனை என்று ஒன்றும் செய்யவில்லை, ஏற்கெனவே நடந்திருந்த ஒன்றை எங்கே போய்ப் பார்க்கணும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

முறை சரியாக இருந்தும் அளவுகோலில் கோட்டைவிட்டவள் நான். பள்ளியில் ஈரப் பஞ்சில் பயறு போட்டு ஒரு கிண்ணத்தை ஜன்னலோரமும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்தேன். பத்து நாள் ஸ்கேல் வைத்து உயரம் அளந்தேன். அலமாரிச் செடிதான் உயரம்! 'இருட்டே வளர்ச்சிக்கு நல்லது' என்று அழகான கையெழுத்தில் முடிவுரையும் எழுதினேன். அந்தச் செடி வெளிறி, தண்டு நூலாகி, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்ததற்கு என் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. வெளிச்சம் கிடைக்காத நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொரு எரிச்சல், 'அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு' என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் இரண்டு பக்க வரையறை. அது யாருக்கு வேண்டும்? எத்தனை பேர், எதை வைத்து அளந்தாய், எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய், எங்கே சொதப்பியது, அதை எழுதினால் போதும். சொதப்பியதை மறைக்கும் கட்டுரைதான் படிக்கும்போதே பல்லிளிக்கும்.

நேற்று தோழியின் மகளிடமிருந்து மெசேஜ். ஒரு வாரம் போனை வேறு அறையில் வைத்துப் பாரேன் என்று நான் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. கேள்வியையே மாற்றிவிட்டாள்: படுக்கையில் போன் பார்ப்பதைப் பற்றி வகுப்பில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? அதற்குக் கூகுள் ஃபார்ம்தான் சரி. இருபது கேள்வியில் ஆறுதான் மிஞ்சியதாம்.