ஜெபக்குறிப்போடு கணக்கு நோட்டும் வரட்டும்

பவுல் கொரிந்துவுக்கு வந்தபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கினார். யூதரெல்லாரும் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு கட்டளையிட்டதால் ஊரையும் பிழைப்பையும் விட்டு வந்த தம்பதி. அங்கே தங்கியதற்கு அப்போஸ்தலர் 18 சொல்லும் காரணம் ஒன்றே: ஒரே தொழில், கூடாரம் பண்ணுகிற வேலை. ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ததில் வளர்ந்த அந்த சிநேகம் எபேசு வரை கூடவே போனது. தன் பிராணனுக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று ரோமர் 16-ல் அவர்களைப் பற்றி எழுதுகிறார்.

நம் சபைகளில் தொழில் செய்கிறவர்களுக்குள் இந்த சிநேகம் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில், "பிசினஸ் எப்படிப் போகுது பிரதர்?" "கர்த்தர் நடத்துறார், ஸ்தோத்திரம்." அதோடு சரி. கடையில் கல்லாவுக்கு மேல் புதுவருஷ வாக்குத்தத்த அட்டை. கல்லாவுக்குள் இரண்டாக மடித்த செக் ரிட்டர்ன் மெமோ, அதாவது அவருக்கு வந்த செக் பணமாகாமல் திரும்பியது என்று பேங்க் கொடுத்த சீட்டு. அட்டை எல்லார் கண்ணிலும் படுகிறது. மெமோ யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தக் கடைக்காரர் இதை யாரிடம் சொல்வார்? வேலையாட்களிடம் சொன்னால் வேறு இடம் தேடுவார்கள். சரக்கு தருகிறவர் காதுக்குப் போனால் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பார். சபையிலோ, நஷ்டம் என்றாலே ஏதோ மறைவான பாவம் என்று பார்க்கிற பார்வை இருக்கிறது. இதை நாம்தான் வளர்த்தோம். லாபம் வந்தவரை மட்டும் சாட்சி சொல்ல மேடையேற்றினால், நஷ்டப்பட்டவர் பின்வரிசைக்குத்தான் போவார்.

என் கருத்து இதுதான்: நிஜக் கணக்கைத் திறந்து வைக்காத ஐக்கியம் தொழில் செய்கிறவரைத் தாங்காது. தொழில் செய்கிறவர்கள் சின்னக் குழுவாகக் கூடுங்கள்; ஆறு பேர் போதும், மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் போனால் அது கூட்டம், மனசு திறக்காது. ஒரே தெருவில் ஒரே சரக்கு விற்கும் இரண்டு பேரை ஒரே குழுவில் போடாதீர்கள். மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். 20-ம் தேதிக்குப் பிறகு வையுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவம் போடுகிறவருக்கு அதற்கு முந்தின வாரம் மூச்சு விட நேரமிருக்காது. போட்ட பிறகு கணக்கும் கையில் இருக்கும்.

வரும்போது ஒரு தாளில் நான்கு எண்கள்: பேங்கில் இருப்பது, 45 நாள் தாண்டியும் வராத பாக்கி, அடுத்த மாதம் கட்டவேண்டிய தவணை, நிலுவையில் உள்ள சம்பளம். எல்லாரும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் சொன்னபிறகு, ஒருவருக்கு மட்டும் முழுதாக நாற்பது நிமிஷம். முதல் இருபது நிமிஷம் கேள்வி மட்டும் கேளுங்கள், புத்தி சொல்லவேண்டாம். இதுதான் கஷ்டம். வசனம் சொல்லி முடித்துவிடத்தான் நமக்கு வாய் வரும். "யார் எவ்வளவு தரணும், கடைசியா எப்ப கேட்டீங்க?" என்று கேட்கிற சிநேகிதன்தான் அவருக்குத் தேவை.

அந்த 45 நாளுக்குக் காரணம் உண்டு. உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி அல்லது சேவை நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்க குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷச் சட்டம் இடம் தருகிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது. அந்த வித்தியாசம் தெரியாமல் நம்பி ஏமாறுகிறவர்கள் பலர்.

குழு உடைவது பெரும்பாலும் பணத்தில்தான். உள்ளுக்குள் கைமாற்று, சீட்டு, ஜாமீன் கையெழுத்து மூன்றும் கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நீதிமொழிகள் 6 பிணைப்படுவதைப் பற்றி எச்சரிப்பது சும்மா இல்லை. கடன் வாங்கியவர் தவணை தவறினால் முதலில் விடுவது கூட்டத்துக்கு வருவதைத்தான். பணமும் போய், சிநேகமும் போய்விடும். அடுத்தது, இங்கே பேசியது "ஜெபக்குறிப்பு" என்ற பேரில் சபை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போவது. ஒருதரம் போனால் போதும், அடுத்த மாதம் எல்லார் தாளிலும் நல்ல எண்கள்தான் இருக்கும். போதகர் தலைமை தாங்கவேண்டாம் என்றும் சொல்வேன். மரியாதைக் குறைவில்லை; காணிக்கை கொடுக்கிறவர், வாங்குகிற சபையின் தலைவர் முன்னால் வறுமையைச் சொல்லக் கூசுவார்.

பேக்கரி, தையல் யூனிட் நடத்தும் சகோதரிகளையும் மறக்கவேண்டாம். இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்ற லீதியாள் வீட்டில்தான் பிலிப்பி சபையே கூடியது. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று சொல்வது நியாயமா?

ஒருவர் இரண்டு மாதம் வரவில்லையென்றால் போன் பண்ணாதீர்கள், "நல்லா இருக்கேன் பிரதர்" என்றுதான் வரும். இரண்டு பேராகக் கடைக்குப் போங்கள். மத்தியானம் மூன்று மணி, வியாபாரம் ஓய்ந்த நேரம். ஏதாவது சாமான் வாங்கி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவர் பேசும்வரை பேசாதீர்கள். கல்லாவுக்குள்ளிருந்து அந்த மெமோ வெளியே வந்தால், அது அவர் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். செக் கொடுத்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் போக அதிலிருந்து 30 நாள்தான். "தெரிஞ்சவர்தானே, அடுத்த வாரம் தர்றேன்னாரு" என்று அவர் 22 நாளை ஏற்கெனவே விட்டிருப்பார். அங்கேயே ஜெபம் பண்ணிவிட்டு, அன்று சாயங்காலமே வக்கீலிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.